கைக்கும் கண்ணுக்கும் நடுவே

மூட்டுவலி என்ற ஒரே சொல்லுக்குள் பல நோய்களை நாம் போட்டு அடைத்துவிடுகிறோம். வயது ஏற ஏற முழங்கால் தேய்ந்து வருவது ஒன்று. உடலின் எதிர்ப்பாற்றல் தடம் மாறி, தன் மூட்டுகளையே பகையென்று கருதித் தாக்குவதால் வருவது வேறொன்று. பின்னதை மருத்துவ நூல்கள் முடக்குவாதம் என்கின்றன. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சரவாங்கி என்பார்கள். ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு கூடுதலாகப் பிடிக்கும் நோய் இது. முதுமைக்காகக் காத்திருக்காமல் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் வந்துவிடும். பெரும்பாலும் விரல்களின் சிறு மூட்டுகளில், இரு கைகளிலும் ஒன்றுபோலத் தொடங்கும். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் விரல்கள் மடங்காது.

எனக்கு 2013இல், நாற்பதாவது வயதில் வந்தது. அப்போதும் இப்போதும் நான் செய்யும் தொழில் மெய்ப்புத் திருத்துவது. சிறு பதிப்பகங்கள் சிலவற்றுக்காக அச்சுக்குப் போகுமுன் பக்கங்களைப் படித்து, பிழைகளைச் சிவப்பு மையால் குறித்துக் கொடுக்கிறேன். கண் பார்த்ததைக் கை உடனே குறிக்கவேண்டும். இரண்டில் எது சோம்பினாலும் பிழை நூலேறிவிடும். இந்த விவரத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நோய் முதலில் கையைக் கேட்டது. கையை மீட்டுக்கொடுத்த மருந்து பிறகு கண்ணைக் கேட்டது.

முதல் ஐந்து ஆண்டுகள் வழக்கமான மருந்துகளில் ஓடின. வாரம் ஒரு முறை மட்டும் விழுங்கவேண்டிய மெத்தோட்ரெக்சேட், அதன் தீங்கைத் தணிக்க ஃபோலிக் அமிலம், அவற்றோடு ஹைட்ராக்சிகுளோரோகுயின். இந்தக் கடைசி மருந்து பல ஆண்டுகள் உடலில் சேர்ந்தால் விழித்திரையைப் பாதிக்கக்கூடும் என்பதால் ஆண்டுதோறும் கண் பரிசோதனைக்குப் போய் வந்தேன். அறிக்கையில் ஒவ்வொரு முறையும் குறையேதும் இல்லை. மூட்டுகள்தாம் அடங்கவில்லை. 2018 வாக்கில் பேனாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடிக்க முடியாமல், இரண்டு நடுவிரல்களுக்கிடையே செருகிக்கொண்டு எழுதினேன். குழாயைத் திருக முடியாது. மகளுக்குத் தலை பின்ன முடியாது. கனத்த நூலை மடியில் கிடத்தி, மணிக்கட்டால் தாள் புரட்டுவேன்.

மூட்டு நோய் மருத்துவர் உயிரியல் மருந்துக்கு மாறலாம் என்றார். மருந்தின் பெயர் அடாலிமுமாப். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வயிற்றுத் தோலுக்கு அடியில் போட்டுக்கொள்ளும் ஊசி. உடலில் வீக்கத்தைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைப் பிடித்துச் செயலிழக்கச் செய்வது அதன் வேலை.

இந்தப் புரதத்தின் கதை சுவையானது. 1890களில் நியூயார்க்கின் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, புற்றுநோயாளிகளுக்கு வேண்டுமென்றே கிருமித் தொற்றை உண்டாக்கிப் பார்த்தார். சிலருக்குக் கட்டி சுருங்கியது. ஏன் சுருங்கியது என்பது அவருக்குத் தெரியவில்லை. தொற்றின்போது உடலே சுரக்கும் ஒரு பொருள் கட்டியை அழிக்கிறது என்று 1975இல் அதே நகரில் லாயிட் ஓல்டின் குழுவினர் எலிகளில் கண்டறிந்து, கட்டியை அழிக்கும் காரணி என்று பொருள்படும்படி அதற்குப் பெயர் வைத்தார்கள். டி.என்.எஃப். என்பது அதன் சுருக்கம். புற்றுநோயை வெல்லும் ஆயுதம் கிடைத்துவிட்டது என்று உலகம் எதிர்பார்த்தது. அது நடக்கவில்லை. மாறாக, முடக்குவாதம் வந்த மூட்டுகளில் இதே பொருள் மிகுந்திருப்பதையும், இதைத் தடுத்தால் வீக்கத்தை வளர்க்கும் மற்ற பொருள்களும் அடங்குவதையும் லண்டன் கென்னடி ஆய்வு நிறுவனத்தில் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் கண்டார்கள். மைனி 1937இல் லூதியானாவில் பிறந்தவர். 1992இல் அவர்கள் முதன்முதலாக நோயாளிகளுக்கு இத்தகைய மருந்தைச் செலுத்தினார்கள். 1998இல் எட்டானர்செப்ட் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி பெற்றது. அடுத்த ஆண்டு இன்ஃப்ளிக்ஸிமாப். 2002ஆம் ஆண்டின் கடைசி நாளில் அடாலிமுமாப். 2003இல் இருவருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது. 2014 இறுதியில் இந்திய நிறுவனம் ஒன்று அடாலிமுமாபின் ஒப்புமருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததால்தான் என்னைப் போன்றவர்கள் அதன் பக்கம் திரும்பிப் பார்க்கவே முடிந்தது. அப்படியும் அது மாதச் சம்பளக்காரர்கள் யோசித்துக் கணக்குப் பார்க்கவேண்டிய விலைதான்.

ஊசி தொடங்குமுன் காசநோய் உள்ளே பதுங்கியிருக்கிறதா என்று சோதித்தார்கள். டி.என்.எஃப். காசநோய்க் கிருமியைச் சுற்றி வேலி கட்டி வைத்திருக்கும். அதைத் தடுத்தால் வேலி சரிந்துவிடும். நம் நாட்டில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. எனக்குப் பதுங்கிய நோய் இல்லை. 2018 செப்டம்பரில் முதல் ஊசி.

ஆறாவது வாரம் ஒரு காலைப்பொழுதில் பால் பாக்கெட்டை விரல்களாலேயே கிழித்தேன். கத்தரிக்கோலைத் தேடவில்லை என்பதே சிறிது நேரம் கழித்துத்தான் உறைத்தது. மறு வாரம் பேனா தன் பழைய இடத்துக்குத் திரும்பியது. மூன்றாம் மாதம் மகளின் பின்னலில் ரிப்பனை முடிச்சிட்டேன். நலமாய் இருக்கும் கைக்கு இவையெல்லாம் செயல்களாகவே தோன்றா. அந்த ஏழு மாதங்களில் நான் திருத்திய பக்கங்கள் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் திருத்தியவற்றைவிட அதிகம். இதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவைக்க விரும்புகிறேன். இந்தக் கட்டுரையில் பின்னால் வரப்போகும் எதுவும் அந்த ஏழு மாதங்களைப் பொய்யாக்காது.

2019 ஏப்ரலில் வலக்கண் வலிக்கத் தொடங்கியது. சும்மா இருக்கும்போது வலி இல்லை. பார்வையைப் பக்கவாட்டில் திருப்பினால் கண்ணுக்குப் பின்னாலிருந்து யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் இருந்தது. கோடை வெயிலும் கண்விழித்த இரவுகளும் காரணமாக இருக்கலாம் என்றெண்ணி இரண்டு நாள் ஓய்வு கொடுத்தேன். மூன்றாம் நாள் மேசையில் அமர்ந்தபோது, நான் இட்டிருந்த சிவப்புக் குறிகள் மங்கிய செங்கல் நிறத்தில் தெரிந்தன. பேனாவில் மை தீர்ந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தேன். வலக்கண்ணை மூடினேன். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. இடக்கண்ணை மூடினேன். செங்கல்.

அதன்பின் எழுத்துகள் போயின. எல்லா எழுத்தும் ஒருசேரப் போகவில்லை. முதலில் புள்ளிகள் போயின. வலக்கண்ணால் மட்டும் பார்த்தால் 'பட்டம்' என்பது 'படடம' என்று தெரிந்தது. மெய்யெழுத்தெல்லாம் அகரம் ஏறிய உயிர்மெய்யாகிவிட்டது. அடுத்த இரண்டு நாளில் இகரக் கொக்கிக்கும் ஈகாரச் சுழிக்கும் வேறுபாடு மறைந்தது. பிறகு நான் எந்தச் சொல்லை நோக்குகிறேனோ அந்தச் சொல்லே சாம்பல் திட்டுக்குள் புதைந்து, அதற்கு முன்னும் பின்னும் உள்ள சொற்கள் மட்டும் தெரிந்தன.

நம் ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. கூர்மையான எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். படிப்பவர் பொருளறிந்து, யாப்பறிந்து, இல்லாத புள்ளியைத் தாமே இட்டுக்கொண்டு படிக்கவேண்டும். உ.வே. சாமிநாதையர் தலைமுறையினர் அப்படித்தான் ஏடுகளைப் படித்துப் பதிப்பித்தார்கள். என் வலக்கண் ஏடு படித்த காலத்துக்குத் திரும்பிப் போய்விட்டது என்று வீட்டில் சொன்னேன். சிரிப்பதற்காகச் சொன்னதுதான். யாரும் சிரிக்கவில்லை.

கண் மருத்துவர் விழிக்குள் ஒளி பாய்ச்சிப் பார்த்தார். விழித்திரை நன்றாக இருந்தது. பார்வை நரம்பு விழிக்குள் நுழையும் வட்டமும் நன்றாகவே இருந்தது. நோயாளியும் ஒன்றையும் காணவில்லை, மருத்துவரும் ஒன்றையும் காணவில்லை என்று இந்த நிலையைப் பற்றி மருத்துவர்களிடையே ஒரு பழமொழியே உண்டாம். அழற்சி விழிக்குப் பின்னால், நரம்பின் நடுப்பகுதியில் இருந்தால் வெளியிலிருந்து அது தெரியாது. காட்டிக்கொடுப்பவை வேறு சோதனைகள். விளக்கை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றி மாற்றிக் காட்டினார். ஒளி பட்டால் பாவை சுருங்கவேண்டும். என் வலக்கண்ணுக்கு விளக்கு வரும்போது பாவை விரிந்தது. வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா பலகைகளை இடக்கண் தடையின்றிப் படித்தது. வலக்கண்ணுக்கு முதற்பலகையைத் தவிர மற்றவை வெறும் கூழாங்கற்கள்.

"பார்வை நரம்புல அழற்சிம்மா. நீங்க என்னென்ன மருந்து எடுத்துக்கிறீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கேட்டதும் தலையசைத்துக் கடந்துவிட்டார். அது கெடுத்தால் விழித்திரையைக் கெடுக்கும், மெதுவாக, வலியில்லாமல், இரு கண்களிலும். காசநோய்க்கு எத்தாம்பியூட்டால் சாப்பிட்டதுண்டா என்று கேட்டார். அது பார்வை நரம்பையே தாக்கும் மருந்து, ஆனால் அதுவும் பெரும்பாலும் வலியின்றி இரு கண்ணையும் சேர்த்துத்தான் தாக்கும். நான் சாப்பிட்டதில்லை. அடாலிமுமாப் என்றபோது எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். அங்கிருந்தே மூட்டு நோய் மருத்துவருக்குத் தொலைபேசினார். மறுமுனையிலிருந்து வந்த முதல் செய்தி, அடுத்த ஊசியைப் போடவேண்டாம் என்பது.

பார்வை நரம்பு என்று நாம் பெயரிட்டிருப்பது உண்மையில் மூளையின் ஒரு பகுதி. கருவில் மூளையிலிருந்தே அது முளைத்து வருகிறது. ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு இலட்சம் இழைகள் கொண்ட, ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான வடம். விழியை விட்டு வெளியே வந்ததும் ஒவ்வோர் இழைக்கும் மயலின் என்ற கொழுப்புறை போர்த்தப்படுகிறது. மின்கம்பிக்கு மேலுள்ள ரப்பர் உறையைப் போல. அழற்சியில் இந்த உறை உரிந்துபோகிறது. உரிந்த கம்பியில் செய்தி தயங்கித் தயங்கி நகரும், சில இடங்களில் நின்றேவிடும். பல்திசு இறுக்க நோய் என்னும் மல்ட்டிபிள் ஸ்கிளரோசிஸில் மூளையிலும் தண்டுவடத்திலும் நடப்பதும் இதுவே. பலருக்கு அந்த நோயின் முதல் அறிகுறியே பார்வை நரம்பழற்சிதான்.

மூட்டில் வீக்கத்தைத் தணிக்கும் மருந்து நரம்பில் வீக்கத்தை ஏன் உண்டாக்கவேண்டும்? என்னை இன்றுவரை உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி இது. பிறகு நான் படித்தறிந்தவரை, இதை மருத்துவ உலகம் எதிர்பார்த்திருக்கவில்லை. டி.என்.எஃப். மயலினுக்குப் பகை என்றே கருதியிருந்தார்கள். ஆகவே அதைத் தடுத்தால் ஸ்கிளரோசிஸ் நோயாளிகளுக்கு நன்மை வரும் என்று நம்பி, லெனர்செப்ட் என்ற மருந்தை 168 பேரிடம் சோதித்தார்கள். 1999இல் முடிவு வெளிவந்தது. மருந்து பெற்றவர்களுக்கு நோய் கூடுதலாகத் தாக்கியிருந்தது. 2001இல், எட்டானர்செப்ட், இன்ஃப்ளிக்ஸிமாப் பெற்ற மூட்டு நோயாளிகள் 19 பேருக்கு நரம்புறை தொடர்பான தொல்லைகள் வந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பதிவுகளிலிருந்து தொகுத்து வெளியிட்டார்கள். மருந்தை நிறுத்தியதும் எல்லோருக்கும் முழுதாகவோ ஓரளவோ குணம் தெரிந்திருக்கிறது. அதே ஆண்டு எலிகளில் நடந்த ஆய்வொன்று ஒரு விளக்கம் தந்தது. டி.என்.எஃப். புரதம் உடலணுக்களில் இரண்டு வாயில்கள் வழியாகச் செயல்படுகிறது. ஒரு வாயில் வழியே அழிவு. மற்றொன்றின் வழியே, உரிந்த மயலின் மீண்டும் போர்த்தப்படும் பணி. மருந்து புரதத்தையே பிடித்துவிடுவதால் இரண்டு வாயில்களும் அடைபடுகின்றன. இந்த மருந்துகள் பெரிய மூலக்கூறுகள், எளிதில் மூளைக்குள் நுழைய மாட்டா. ஆகவே மூளைக்கு வெளியே பெருகும் எதிர்ப்பணுக்கள் உள்ளே போய்த் தாக்குகின்றன என்பது இன்னொரு விளக்கம். எது சரி என்று இன்னும் தீர்ப்பாகவில்லை.

எத்தனை பேருக்கு வரும்? 2013இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, மூட்டு நோய் முதலியவற்றுக்குப் புதிதாக மருந்து தொடங்கிய அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை எடுத்துக்கொண்டது. டி.என்.எஃப். தடுப்பு மருந்தைத் தொடங்கியோரில் பார்வை நரம்பழற்சி வந்தவர்கள் மூன்றே பேர். மற்ற மருந்துகளைவிட இது கூடுதல் என்று சொல்ல அந்த ஆய்வில் இடமில்லை. 2020இல் மேயோ மருத்துவமனை ஆய்வாளர்கள் மறுமுனையிலிருந்து தொடங்கினார்கள். மூட்டுவாதம் போன்ற நோய்களோடு மூளை நரம்பு அழற்சியும் வந்த 106 பேரையும் அது வராத 106 பேரையும் ஒப்பிட்டார்கள். இந்த மருந்துகளைப் பெற்றவர்களுக்கு வாய்ப்பு ஏறத்தாழ மும்மடங்கு என்று கண்டார்கள். மிக அரிதான ஒன்றின் மும்மடங்கும் அரிதுதான் என்பதை மறந்துவிடக் கூடாது. முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மருந்தே இல்லாமலும் இத்தகைய அழற்சி வரலாம் என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும்.

என் விஷயத்தில் மருந்துதான் குற்றவாளியா? மூளை எம்.ஆர்.ஐ.யில் ஸ்கிளரோசிஸுக்குரிய தழும்புகள் இல்லை. கண் நரம்பில் மட்டும் ஒரு வெண்மை. இவ்வகை அழற்சிக்குக் காரணமாகும் வேறு இரண்டு எதிர்ப்பொருள்களையும் இரத்தத்தில் தேடினார்கள், இல்லை. மருந்து தொடங்கி ஏழாம் மாதத்தில் வந்திருக்கிறது, நிறுத்தியபின் அடங்கியிருக்கிறது. "சந்தேகம் பலமா இருக்கு. நிரூபிக்கணும்னா மறுபடி ஊசி போட்டுப் பார்க்கணும். அதை எந்த டாக்டரும் செய்யமாட்டார்" என்றார் நரம்பியல் மருத்துவர். நேர்மையான பதில். பிழை என்று கண்டால் கோடிட்டு, சரியானதை ஓரத்தில் எழுதிப் பழகிய எனக்கு, உறுதியில்லாத ஒன்றை உறுதியில்லாததாகவே வைத்துக்கொண்டு வாழ்வது புதிய பயிற்சியாக இருந்தது.

மூன்று நாள் மருத்துவமனையில் நரம்பு வழியே மெத்தில்பிரட்னிசலோன் ஏற்றினார்கள். வாயெல்லாம் உலோகச் சுவை. இரவுகளில் உறக்கம் அறவே இல்லை. இதையே மாத்திரையாகக் கொடுத்தால் வீட்டிலிருந்தே விழுங்கலாமே என்று கேட்டேன். அதற்கும் ஒரு வரலாறு இருந்தது. 1988 முதல் அமெரிக்காவில் 457 பேரைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 1992இல் வெளியாயின. நரம்பு வழி ஸ்டீராய்டு பார்வையை விரைவாகத் திருப்பித் தருகிறது. ஆனால் மாதங்கள் கழித்துப் பார்த்தால், மருந்து பெறாதவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு திரும்பியிருக்கிறது. வழக்கமான அளவு மாத்திரையை மட்டும் சாப்பிட்டவர்களுக்கோ அழற்சி மீண்டும் மீண்டும் வந்தது. வீட்டிலிருந்தே விழுங்கலாம் என்ற என் ஆசை அத்துடன் முடிந்தது.

பத்தாம் நாள் சாம்பல் திட்டின் ஓரங்கள் இளகின. மூன்றாம் வாரம் வலக்கண்ணுக்குக் கொட்டை எழுத்துகள் தெரிந்தன. போன வரிசைக்குத் தலைகீழான வரிசையில் எல்லாம் திரும்பின. முதலில் சொற்கள், பிறகு கொக்கியும் சுழியும், கடைசியாகப் புள்ளி. ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் 'பட்டம்' மறுபடியும் பட்டமானது.

முழுதும் திரும்பிற்று என்று சொல்லமாட்டேன். சிவப்பு இன்றும் வலக்கண்ணுக்கு ஒரு படி மங்கல்தான். அடுப்படியில் வெந்துகொண்டிருக்கும்போதோ, வெந்நீரில் குளித்து வெளியே வரும்போதோ பார்வை மூடுபனி போர்த்ததுபோல் ஆகி, உடல் குளிர்ந்ததும் தெளியும். சூடேறினால் உறை தேய்ந்த நரம்பில் செய்தி தடைபடும் என்பதால் வருவது. ஊட்தோஃப் என்பவர் 1890இல் இதை விவரித்திருக்கிறார். மற்றொன்று இதைவிட விந்தை. ஊஞ்சல் நேராக முன்னும் பின்னும் ஆடினாலும், பக்கத்திலிருந்து பார்க்கும் எனக்கு அது வட்டமடிப்பதுபோல் தெரியும். ஒரு கண்ணின் செய்தி மற்றதைவிட இம்மியளவு தாமதித்து வருவதால், மூளை அந்தத் தாமதத்தை ஆழம் என்று புரிந்துகொள்கிறது. 1922இல் இதை விளக்கியவர் கார்ல் புல்ஃபிரிஷ் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. தம் பெயரால் வழங்கும் காட்சியை அவரால் ஒருபோதும் காண முடிந்ததில்லை.

கண் திரும்பிக்கொண்டிருந்த அதே மாதங்களில் கை போய்க்கொண்டிருந்தது. ஸ்டீராய்டு உடலில் இருந்தவரை மூட்டுகள் அமைதியாக இருந்தன. அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திய பிறகு, ஊசியும் இல்லாத நிலையில், சரவாங்கி முன்னைவிட முனைப்போடு திரும்பியது. பேனா மறுபடியும் நடுவிரல்களுக்கிடையே போனது.

பிரெஞ்சு ஓவியர்களான ரெனுவாரும் மொனேயும் இளமை முதல் நண்பர்கள். ரெனுவாருக்கு முடக்குவாதம் வந்தது. விரல்கள் கோணி, தோல் புண்ணாகாமலிருக்கக் கையில் துணி சுற்றிக்கொண்டு, பிறர் தூரிகையை விரலிடுக்கில் பொருத்திவிட, 1919இல் இறக்கும்வரை வரைந்தார். மொனேக்குக் கண்புரை. 1912இல் தெரியவந்ததை 1923வரை அறுவை செய்துகொள்ளாமல் தள்ளிப்போட்டார். சிவப்பு சேற்று நிறமாகத் தெரிகிறது என்று வருந்தினார். முன்பெல்லாம் இவ்விருவரையும் மன உறுதிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொள்வேன். 2019க்குப் பிறகு எனக்கு அவர்கள் அப்படித் தோன்றவில்லை. இருவருக்கும் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை, அவ்வளவுதான். ரெனுவாரின் மூட்டை அடக்க அன்று மருந்தே கிடையாது. எனக்கு மருந்து இருந்தது, அதற்கு ஒரு விலை இருந்தது, மறுக்கவும் வழியிருந்தது. இந்தக் காலத்து நோயாளியின் பாடு வேறு வகையானது.

உறவினர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். ஆங்கில மருந்தே ஆகாது, எல்லாவற்றையும் நிறுத்து என்றார் பெரியப்பா. கை போனாலும் கண் இருக்கிறதே, படித்துக்கொண்டிருக்கலாம் என்றாள் அத்தை. அன்பினால் சொன்னவைதாம். ஆனால் முடக்குவாதத்தை அப்படியே விட்டுவைத்தால் அது கையோடு நிற்பதில்லை. இரத்தக் குழாய்களையும் நுரையீரலையும் தொடும், ஆயுளைக் குறைக்கும். எதையும் போட்டுக்கொள்ளாமல் இருப்பதும் ஒரு மருந்தைத் தேர்வதைப் போன்றதுதான். அதற்கும் பக்கவிளைவு உண்டு.

மூட்டு நோய் மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் கலந்து பேசி, டி.என்.எஃப். தடுப்பு மருந்துகளில் எதையும் இனி எனக்குக் கொடுப்பதில்லை என்று கோப்பில் எழுதினார்கள். எஞ்சிய வழிகளில் அவர்கள் பரிந்துரைத்தது ரிட்டுக்ஸிமாப். ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்காக வந்து, 2006இல் முடக்குவாதத்துக்கும் அனுமதி பெற்றது. எதிர்ப்பாற்றலின் பி அணுக்களைக் குறைப்பது. ஸ்கிளரோசிஸ் நோயாளிகளுக்கும் அதைக் கொடுக்கிறார்கள் என்பதால், கண் நரம்புக்கு அதனால் கேடு வராது, நன்மையே வரலாம் என்பது அவர்கள் கணக்கு. அதனிடமும் குற்றப்பட்டியல் உண்டு. "இதுல என்ன வரும்?" என்று கேட்டேன். மருத்துவர் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். கையெழுத்திட்டேன். கையெழுத்து கோணலாகத்தான் விழுந்தது. 2019 நவம்பரில் முதல் முறை ஏற்றினார்கள். அடுத்த சில மாதங்களில் கொரோனா வந்தது. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தோடு அந்த இரண்டு ஆண்டுகளைக் கழித்த அச்சம் தனிக் கட்டுரைக்குரியது. கை மெல்ல அடங்கியது. அடாலிமுமாப் தந்த அளவுக்கு இல்லை. பால் பாக்கெட்டுக்குக் கத்தரிக்கோல் வேண்டியிருக்கிறது. பேனா தன் இடத்தில் இருக்கிறது.

மருந்துப் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் தாளில் 'அரிது' என்ற தலைப்பின்கீழ் பார்வை நரம்பழற்சி அச்சிடப்பட்டிருக்கிறது. அந்தச் சொல்லின்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கையைத் திருப்பித் தரும் மருந்தைப் பற்றி அதைவிட உண்மையாக எழுத முடியாது. வேண்டியதெல்லாம், அந்த அரிதானது வந்தால் எப்படி இருக்கும் என்று ஊசி போட்டுக்கொள்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது. கண்ணைத் திருப்பினால் வலி, ஒரு கண்ணில் நிறம் வெளுப்பது, பார்வையின் நடுவில் திட்டு, அல்லது உடலில் எங்காவது புதிதாக மரத்துப்போவது. இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த ஊசிக்குமுன் மருத்துவரைப் பார்த்துவிடவேண்டும். தனக்கோ, பெற்றோர் உடன்பிறந்தாருக்கோ ஸ்கிளரோசிஸ் இருந்தால் மருந்தைத் தொடங்குமுன்பே சொல்லிவிடவேண்டும்.

சென்ற முறை மருந்து ஏற்றிக்கொள்ளப் போயிருந்தபோது, பக்கத்து நாற்காலியில் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், கைக்குழந்தையைத் தன் தாயிடம் கொடுத்துவிட்டு அமர்ந்திருந்தாள். குழந்தையைத் தூக்க முடியாத விரல்கள். அடாலிமுமாப் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், போட்டுக்கொள்ளலாமா அக்கா என்று கேட்டாள். என் கண்ணில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். ஏழு மாதம் என் கை எப்படி இருந்தது என்பதையும் சொன்னேன். "டாக்டர் சொன்னபடி போட்டுக்கம்மா. வீட்டுல தினசரி காலண்டர் இருக்குமில்ல? ஞாயித்துக்கிழமை தேதி சிவப்புல இருக்கும். அன்னிக்கு மட்டும் ஒரு கண்ண மூடி, அப்புறம் இன்னொரு கண்ண மூடிப் பாரு. ரெண்டுலயும் ஒரே சிவப்பா தெரியுதான்னு" என்றேன். அவள் தன் உள்ளங்கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, எதிரே செவிலியரின் மேசைமேல் தொங்கிய காலண்டரை அப்போதே பார்த்தாள்.